தரைக்காரர் வீடு விற்ற கதை

"எந்தப் போர்?" என்று கேட்டார் எவேலியோ.

வீட்டுத் தரகர் கிராசியேலா வாசித்துக்கொண்டிருந்த காகிதத்தை மடியில் இறக்கிவைத்தாள். 'போருக்கு முந்தைய கூட்டுறவுக் கட்டடம். நேர்த்தியான மூன்று அறை. மீன்முள் வரிசையில் பதித்த ஓக் மரத் தரை. உள்தோட்டம். அமைதியான தெரு' என்று அவ்வளவு தூரம்தான் படித்திருந்தாள். வெளியே பிப்ரவரிப் பனி நியூயார்க்கின் ஜாக்சன் ஹைட்ஸ் கூரைகளெல்லாம் வெளுக்கும்படி கொட்டிக்கொண்டிருந்தது.

"ரெண்டாம் உலகப் போருதான் ஐயா. அதுக்கு முன்னாடி கட்டினதுன்னா குயின்ஸ்ல தனி மவுசு. உயரமான கூரை, கனமான சுவரு. ஜனங்க அதைத்தான் தேடுறாங்க."

"எனக்கும் கீழ்வீட்டு ஸோபெலுக்கும் இருபத்து நாலு வருஷமா நடக்குதே ஒரு போரு, அதை எங்க எழுதியிருக்க?"

"கிழவா, பேசாம இரு" என்றாள் அவர் மனைவி நூபியா. சாக்லேட் காய்ச்சிய பாத்திரத்தோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அவ பொழப்பு அவளுக்கு. நீ கம்முனு இருந்தாலே வீடு வித்துப்போகும்."

"நானா விக்கிறேன்? நீதான விக்கிற."

அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். கிராசியேலா போனபிறகும் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஒன்பது நாள் நூபியாவோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பார். அவள் எடுத்து நகர்த்துவாள்.

எவேலியோ சுலுவாகாவின் தொழிலே தரைதான். பெரேரா ஊரிலிருந்து இருபத்தெட்டு வயதில் வந்து, நாற்பது வருஷம் நியூயார்க்கின் வீடுகளில் மண்டியிட்டு மரத்தரை பதித்தும் இழைத்தும் பிழைத்தவர். பெரிய பெரிய வக்கீல்கள், டாக்டர்கள் வீட்டுத் தரையெல்லாம் அவர் முட்டிக்குத் தெரியும். நூபியா முப்பத்தொரு வருஷம் உட்ஸைடில் ஒரு பல்செட்டுப் பட்டறையில் வேலை பார்த்தாள். மெழுகில் பல் செதுக்குவாள். யாரையும் முதலில் பார்த்தால் அவள் கண் போவது வாய்க்குத்தான்.

இருவர் சம்பாத்தியமும் சேர்ந்து இந்த வீட்டை வாங்கியபோது, உள்ளே சுவரோடு சுவராகப் பச்சைக் கம்பளம் பசைபோட்டு ஒட்டியிருந்தது. நாய் மூத்திர நாற்றம். வாங்கவந்த நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்கள். எவேலியோ ஒரு மூலையில் கத்தியால் கீறி, கம்பளத்தைத் தூக்கி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். எழுந்து நூபியாவின் காதில், "வாயைத் திறக்காத. வாங்கிரலாம்" என்றார்.

முதல் குளிர்காலம் முழுக்க வேலையிலிருந்து வந்து அந்தப் பசையைச் சுரண்டினார்கள். வெந்நீர்த் துணியை அரைமணி போட்டு ஊறவைத்து, தட்டைக் கரண்டியால் அங்குலம் அங்குலமாக வழிக்க வேண்டும். அவசரப்பட்டால் மரம் பெயர்ந்து வரும். நூபியாவுக்கு மெழுகு வழித்த கை, அதனால் அவள் வேலை அவருடையதைவிடச் சுத்தமாக இருந்தது. "நீ தப்பான தொழிலுக்குப் போயிட்ட கிழவி" என்றார். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதுதான். இழைத்து, மெழுகு பூசி, மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் வெயில் மூன்று ஜன்னல் வழியாகவும் விழுந்தபோது, தரை தேன் கொட்டியதுபோல் கிடந்தது. இருவரும் அதன்மேல் உட்கார்ந்து அரேப்பா சோள ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டார்கள். நாற்காலி வாங்கப் பணமில்லை.

அடுத்த வாரம் கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. கட்டட விதிப்படி தரையில் எண்பது விழுக்காட்டைக் கம்பளத்தால் மூட வேண்டும், தங்கள் காலடிச் சத்தம் எனக்குத் தொல்லையாக இருக்கிறது. கீழே கையெழுத்து: மில்டன் ஸோபெல், மூன்றாம் தளம். அவர் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டிரம்பெட்டும் டிராம்போனும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். மீதி ஆயுசுக்குச் சத்தமே வேண்டாம் என்று ஓய்வுபெற்றவர்.

எவேலியோ அந்தக் கடிதத்துக்குப் பின்பக்கத்திலேயே, 'கம்பளத்தைக் கழற்றத்தான் நான் இந்த வீட்டை வாங்கினேன்' என்று எழுதிக் கீழே போட்டுவிட்டு வந்தார். போர் அப்படித்தான் ஆரம்பித்தது. அபராதம் போட்டார்கள், கட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார், ஆனால் கம்பளம் மட்டும் போடவில்லை. பிறகு ஸோபெல் நிர்வாகக் குழுவுக்குத் தலைவராகவே ஆகிவிட்டார்.

வீட்டுக்கு எல்லாம் இருந்தது, லிஃப்ட்தான் இல்லை. வாசலிலிருந்து ஐம்பத்தெட்டுப் படி. நாற்பது வருஷம் மண்டியிட்ட முட்டி இரண்டும் ஒருநாள் கணக்குத் தீர்த்துக்கொண்டன. அறுவை செய்யலாம் என்றால் இதயம் தாங்காது என்றார் டாக்டர். நவம்பரில் டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறிவர அவருக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து, வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உள்தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன் ஒருநாள் அவர் யாரோடோ பேசுவது கேட்டு நூபியா எட்டிப்பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாவோடு ரொட்டிக்கடை எதுவரை திறந்திருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கே கிராசியேலாவுக்குப் போன் போட்டாள்.

வீடு பார்க்கவரும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டுக்காரர்கள் வெளியே போய்விட வேண்டும் என்பது வழக்கம். எவேலியோவால்தான் போக முடியாதே.

"படுக்கையறையில கதவைச் சாத்திட்டு இருக்கட்டும் அக்கா, தூங்குறாருன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் கிராசியேலா.

எவேலியோ சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஹாலின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாளாக மூடிக்கிடந்த வாய் திறந்தது.

"வாங்க, வாங்க. அந்த நீராவிக் குழாய் இருக்கே, ராவுல ஆள் புகுந்து சுத்தியலால அடிக்கிற மாதிரி சத்தம் போடும். பழகிரும்" என்றார் முதலில் வந்த ஜோடியிடம். அடுத்தவரிடம், "குளியலறை ஓடு நல்லாத்தான் இருக்கு. பின்னால என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். சிவப்புக் கோட்டுப் பெண்ணொருத்தி, தரையைப் பெயர்த்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் போடலாமா என்று தன் புருஷனிடம் கேட்டது அவர் காதில் விழுந்தது. "கீழ்வீட்டுல ஒரு பேய் இருக்கு" என்று அவளிடம் மெல்லச் சொன்னார். "பேரு மில்டன்."

கிராசியேலா நூபியாவைச் சமையலறைக்குள் இழுத்தாள். "அக்கா, நான் பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒருத்தர் தன் வீட்டுக்குத் தானே சூனியம் வெச்சுப் பாத்ததில்ல."

"எனக்கு நாப்பத்தொம்பது வருஷப் பழக்கம்" என்றாள் நூபியா. "இன்னும் கொஞ்சம் பொறு. தொண்டை காஞ்சுரும்."

காயவில்லை. நான்கு மணியாகி, கூட்டம் வடிந்து, ஈரக் காலணிகளின் தடம் தரை முழுக்கக் கிடந்தது. எவேலியோ அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் கடைசியாக மூன்று பேர் வந்தார்கள். யாங்சென், எல்ம்ஹர்ஸ்ட் பக்கத்து மருத்துவமனையில் நர்ஸ். அவள் புருஷன் ட்சேவாங் பேருந்து மெக்கானிக். மூன்று வயது மகள் ஒருத்தி. திபெத்துக்காரர்கள். வாசலில் நின்றே மூவரும் பூட்ஸைக் கழற்றினார்கள். சின்னவள் கழற்றத் தெரியாமல் தடுமாற, ட்சேவாங் குந்தி உட்கார்ந்து கழற்றிவிட்டான்.

எவேலியோ திரும்பிப் பார்த்தார்.

யாங்சென் அறைகளைப் பார்க்கவில்லை. ஹாலுக்குள் நாலடி வந்து நின்றாள். காலுறைக்குள் விரல்களை மடக்கி நீட்டினாள்.

"இது யாரு போட்டது?"

"போட்டவன் செத்து எண்பது வருஷமாவது இருக்கும்" என்றார் எவேலியோ. "மீட்டது நாங்க. நானும் அந்தக் கிழவியும்."

"ஆணியே தெரியலையே."

"தெரியாது. ஒரு பலகையோட நாக்கை அடுத்த பலகையோட பள்ளத்துல கோத்து, ஆணியை உள்ள மறைச்சு அடிச்சிருப்பான்." அவர் ஊன்றுகோலை நீட்டி ஜன்னல் பக்கம் காட்டினார். "அந்த வரிசையில ஒரு பலகை மட்டும் நிறம் கம்மியா இருக்கும். நான் மாத்தினது. கண்டுபிடிங்க பாப்போம்."

யாங்சென் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தாள். பிள்ளையும் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டது. கால்மணி ஆகியும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எவேலியோ சிரித்துச் சிரித்து இருமினார். நூபியா சமையலறை வாசலிலிருந்து பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு முன்பல் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தது. வாய்க்கு அழகாகத்தான் இருந்தது.

அவர்கள் போனபிறகு எவேலியோ சொன்னார்: "கிழவி, உப்பு."

"சாப்பாடே இன்னும் வெக்கலையே."

"வெக்கும்போது குடு. இப்பவே சொல்லிவெக்கிறேன்."

அப்படிப் பேச்சு திரும்ப வந்தது.

கூட்டுறவுக் கட்டடத்தில் விற்கிறவர் சரி என்றால் மட்டும் போதாது. வாங்குகிறவர்களைக் குழு கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, ஒப்புக்கொண்டால்தான் சாவி கைமாறும். மார்ச் முதல் வாரம் யாங்சென்னையும் ட்சேவாங்கையும் கூப்பிட்டார்கள். போய்வந்த யாங்சென் புருஷனோடு நேரே மேலே ஏறிவந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றாள் நூபியா.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு ஆன்ட்டி. கடைசியா ஸோபெல் சார், கொழந்தை இருக்கே, எண்பது விழுக்காடு கம்பளம் போடுவீங்களான்னு கேட்டாரு. நான் பொய் சொல்லியிருக்கலாம். இந்தத் தரைக்காகத்தான் வாங்குறோம், மூட மனசு வரலைன்னு சொல்லிட்டேன்."

ட்சேவாங் தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் இவ கால மிதிச்சேன். அப்பவும் சொல்லிட்டா."

"யோசிச்சுச் சொல்றோம்னாங்க" என்றாள் யாங்சென். "கிராசியேலா சொல்றாங்க, அப்படின்னா இல்லைன்னு அர்த்தமாம். தரை மூடாத வீட்டைக் கைமாத்த விடமாட்டாராம்."

அவர்கள் போனபிறகு எவேலியோ நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதாக வந்த விலை அந்தச் சிவப்புக் கோட்டுக்காரியுடையது. பிள்ளை கிடையாது, கம்பளம் போடுகிறேன் என்று ஏற்கெனவே கைச்சாத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். தரையைப் பெயர்ப்பதைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அவர் ரூஸ்வெல்ட் அவென்யூ கம்பளக் கடைக்குப் போன் போட்டார். நூபியா அரேப்பாவைப் புரட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"என்ன பண்ற கிழவா?"

"கம்பளம் வாங்குறேன். விக்கிற வீட்டுல குறை இருந்தா விக்கிறவன்தான் சரி பண்ணணும். மூடியிருக்கிற வீட்டை அந்தப் பொண்ணு வாங்கட்டும். அவ பொய்யும் சொல்லவேணாம்."

"இருபத்து நாலு வருஷம்..."

"தெரியும்" என்றார். "ரொட்டி கருகுது பாரு."

சனிக்கிழமை சுருள் சுருளாகக் கம்பளம் வந்தது. கடை ஆட்களை அவர் உள்ளே விடவில்லை. ட்சேவாங்கைக் கூப்பிட்டிருந்தார். முதலில் கம்பளி அடிவிரிப்பு, அதன்மேல் கம்பளம். பசை கூடாது, ஆணி கூடாது. "ஒரு ஆணி எறங்கிச்சு, உன் கையை ஒடிச்சுருவேன்" என்றார். ட்சேவாங் பெரிய உடம்பைச் சுருக்கிக்கொண்டு சுவரோரம் ஊர்ந்தான். நூபியா கத்தரிக்கோலோடு பின்னால் போனாள். படுக்கையறை இரண்டும் முடிந்து ஹாலுக்கு வந்தார்கள்.

"நாள்பூரா மூடியே கிடந்தா மரம் வீணாப்போகாதா ஐயா?" என்றான் ட்சேவாங்.

"நான் வந்தப்ப நாய் மூத்திரத்துக்கு அடியில கிடந்துச்சு. ஒண்ணும் ஆகலை. மேல என்ன கிடந்தாலும் ஓக்குக்குக் கவலையில்ல."

சொன்னாரே தவிர, ஜன்னலடியில் ஓரம் சுருண்டு நிற்பதைப் பார்த்ததும் அவரால் பொறுக்கமுடியவில்லை. "அப்படி இல்லடா, இப்படி" என்றபடி நாற்காலியிலிருந்து எழுந்தவர், பழக்கதோஷத்தில் மண்டி போட்டுவிட்டார். தொப்பென்று ஒரு சத்தம். அவர் வாயிலிருந்து வந்த சத்தத்தை நூபியா அதற்கு முன் கேட்டதில்லை.

தூக்க முடியவில்லை. ட்சேவாங் ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் முட்டி மடங்கியே கிடந்தது. அதற்குள் படியில் தடதடவென்று ஓடிவரும் சத்தம். ஸோபெல் காலுறையோடு வந்து நின்றார். எழுபத்தாறு வயது, ஒல்லி உடம்பு. மூச்சு வாங்கியது.

"விழுந்துட்டாரா? யாரு விழுந்தது?"

"விழலை. வேலை பாக்குறேன்" என்றார் எவேலியோ தரையிலிருந்து. முகம் வெளுத்திருந்தது.

ஸோபெல் குனிந்து அவர் மறுகக்கத்தில் கையைக் கொடுத்தார். "எண்ணுறேன். நாலுக்குத் தூக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு..." தூக்கி நாற்காலியில் வைத்தார்கள். நூபியா தண்ணீர் கொடுத்தாள். இருவருக்குமே கொடுக்க வேண்டியிருந்தது.

ஸோபெல் டம்ளரைப் பிடித்தபடி சுற்றிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. பாதி ஹால் சாம்பல் கம்பளம், பாதி ஹால் மதிய வெயிலில் ஓக். வெகுநேரம் பார்த்தார்.

"இதையா மூடுறீங்க?"

"யோவ்!" எவேலியோ நாற்காலியில் நிமிர்ந்தார். "இருபத்து நாலு வருஷமா கடுதாசி போட்டது யாரு? உங்க பாட்டனா?"

"சத்தத்தை மூடச் சொன்னேன். அழகா இல்லைன்னு நான் எந்தக் கடுதாசியில எழுதினேன்?" ஸோபெலுக்கும் குரல் ஏறியது. பிறகு இறங்கியது. "நவம்பர்லேருந்து மேல உங்க நடமாட்டமே கேக்கலை. உங்க செருப்பில்லாத நடை எனக்குத் தெரியும், வலது கால் கொஞ்சம் இழுக்கும். ஆளு ஊருக்குப் போயிட்டார்னு நெனச்சேன். இப்ப தொப்புனு கேட்டதும் பயந்துட்டேன்."

"இங்கதான் இருக்கேன். எறங்கத்தான் முடியலை."

ஸோபெல் தலையை ஆட்டினார். நூபியா, இப்போது மனசு இளகி விதியைத் தளர்த்துவார் என்று காத்திருந்தாள். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.

"விதி விதிதான்" என்றார். "எண்பதுன்னா எண்பது. ஆனா இருபது மிச்சம் இருக்கே. அது எங்க வேணுமோ அங்க இருக்கலாம்."

ட்சேவாங் அளவு நாடாவை எடுத்தான். அடுத்த ஒன்றரை மணிநேரம் இரண்டு கிழவர்களும் அந்த இருபதை எங்கே விடுவது என்று சண்டை போட்டார்கள். வாசலோரம் விட்டால் போதும் என்றார் ஸோபெல். வாசலோரம் யார் பார்ப்பார்கள், ஜன்னலடியில்தான் வெயில் விழும் என்றார் எவேலியோ. ஜன்னலுக்கு நேர்கீழே தன் வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிற நாற்காலி இருக்கிறது என்றார் ஸோபெல். நாற்காலியை நகர்த்துங்கள் என்றார் எவேலியோ. நூபியா நடுவில் பீன்ஸைச் சூடுபண்ணி நாலு தட்டு வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சண்டை தொடர்ந்தது. கடைசியில் ஜன்னலடியில் ஒரு நீள்சதுரம் திறந்தே நின்றது. ஸோபெல் நாடாவைப் பிடித்து இரண்டு தடவை அளந்தார்.

"உங்க பீன்ஸ்ல என்ன போடுறீங்க?" என்று போகும்போது நூபியாவிடம் கேட்டார்.

"பன்றிக்கொழுப்பு."

யூதரான ஸோபெலுக்குப் பன்றி ஆகாது; ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "நீங்க சொல்லலை, நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

புதன்கிழமை குழு ஒப்புக்கொண்டது.

ஏப்ரல் நடுவில் சாமான்கள் எல்லாம் போனபின், கை வைத்த ஒரு நாற்காலி மட்டும் மிஞ்சியது. அதில் எவேலியோவை உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றிப் படுக்கைவிரிப்பால் கட்டினாள் நூபியா. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அல்பேனிய நாட்டு அக்ரோன் பின்னால், ட்சேவாங் முன்னால். ஸோபெல் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னே ஓடிப்போய் நின்று தாளம் எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, நிறுத்து. மூச்சு எடுங்க. ஒண்ணு, ரெண்டு..."

"இது பேண்டு வாத்தியம் இல்ல வாத்தியாரே" என்று மேலேயிருந்து கத்தினார் எவேலியோ. "மெதுவா! அக்ரோன், உன் பக்கம் சாயுது! வாங்கின நாள்ல இந்தப் படியில ஒரு குளிர்பெட்டி ஏத்தினோம். அது இவ்வளவு ஆட்டம் ஆடலை."

"அது வாய் பேசியிருக்காது" என்றான் அக்ரோன்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரோ கைதட்டினார்கள். நூபியா கடைசியாக, கையில் சாவியோடு வந்தாள். ஒப்படைக்குமுன் காலியான ஹாலை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். கிழவர் கீழே விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் மறந்தே போனாள். வாசலில் வெயில் பட்டதும் எவேலியோவுக்குக் கண் கூசியது.

"அஞ்சு மாசம்" என்றார்.

புதுவீடு நாலு தெரு தள்ளி, முப்பத்து நாலாம் அவென்யூவில். சின்னது, வாடகை, தரை பிளாஸ்டிக். எவேலியோ குனிந்துகூடப் பார்க்கவில்லை. லிஃப்ட் இருந்தது. முதல்நாள் அதில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். நாலாவது தடவை கதவு திறந்தபோது நூபியா ரொட்டிப்பையோடு வராந்தாவில் நின்றிருந்தாள்.

"போதும் கிழவா, கரண்டு பில்லு வரும்."

"நமக்கா வரும்? வா, நீயும் ஒரு தடவை."

ஏறினாள்.

இரண்டாம் நாள் காலை நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "காப்பி போட்டு வை, ரொட்டி வாங்கிட்டு வந்துருறேன்" என்றார். அவள் செருப்பைத் தேடினாள். "நீ எதுக்கு? நான் போறேன்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விட்டார்.

நூபியா ஜன்னலுக்கு ஓடினாள். அந்தத் தெருவில் பகலில் கார் விடுவதில்லை. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே கதவு திறந்து அவர் தொப்பி தெரிந்தது. பத்தடி போனார், நின்றார். பூவிற்கும் பெண்ணிடம் எதையோ காட்டிப் பேசினார். இன்னும் பத்தடி. நாயைக் கூட்டிவந்தவனோடு பேசினார், நாயோடும் பேசினார். பெஞ்சில் யாரோ கை நீட்ட, உட்கார்ந்துவிட்டார். ரொட்டிக்கடை இன்னும் அரைத்தெரு இருந்தது.

அடுப்பில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பசித்தது. ஜன்னலைத் திறந்து ஒரு கூப்பாடு போட்டால் அவருக்குக் கேட்டிருக்கும். நூபியா திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, அந்தத் தொப்பி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே ஆறின காப்பியைத் தனியாகக் குடித்தாள்.